உதிரி

ஏழரைக்குள் ஐஸ் தட்டில் மெழுகுக் கட்டிகளைக்
கவிழ்த்தாகிவிட்டது.
இன்று அறுபத்திரண்டு பேர்.
கட்டிக்குள் கட்டி இருக்கிறதா என்பது
மாடியில் இருப்பவர்கள் கவலை.
என் கவலை நாலு மைக்ரான்.

சிவப்பணு ஒன்றின் அகலத்தில் பாதி அது.
சக்கரத்தைச் சுற்றச் சுற்ற
கத்தியிலிருந்து நாடாவாக இறங்கும்.
முரண்டு பிடிக்கும் கட்டிமேல்
வாயைத் திறந்து ஒரு ஊது, இளகிவிடும்.
கையேட்டில் இல்லாத வித்தை. போஜெனாவும் செய்கிறாள்,
நான் பார்க்காதபோது.

வெந்நீர்த் தொட்டியில் விட்டால்
நாள் முழுக்க நின்றவர் காலை நீட்டுவதுபோல்
சுருக்கம் விட்டுப் படுக்கும்.
கண்ணாடிச் சில்லை அடியில் கொடுத்து ஏந்தவேண்டும்.
மூச்சுவிடக் கூடாது, தும்மவே கூடாது.
ஜன்னலுக்கு வெளியே
ஸ்வான்சி விரிகுடா வற்றிக் கிடக்கிறது,
கார் நிறுத்தத்தில் சிப்ஸ் பொட்டலத்துக்குக்
கடற்காகங்கள் கட்டிப் புரள்கின்றன.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு
டாக்டர் மெரெடித் கூப்பிட்டார்.
"நாற்பத்தொன்பது. ஓரத்தில் என்னவோ கிடக்கிறது.
இவருடையதா, வேறு யாராவது மிதந்து வந்தார்களா?"

நாற்பத்தொன்பது: கழுத்து நிணக்கணு.
ஆண், ஐம்பத்தெட்டு, போர்ட் டால்பட்.
ஆறு வாரமாகக் குரல் கம்மல்.
அவ்வளவுதான் தெரியும் எனக்கு அவரை.

நாற்பத்தெட்டு ஒரு பித்தப்பை.
அதற்கும் இதற்கும் நடுவில்
தண்ணீர்மேல் காகிதம் ஓட்டித் துடைத்தேனா?
ஓட்டினேன்.
ஓட்டினேன் என்று கை சொல்கிறது,
கையின் சாட்சி எந்தக் கோர்ட்டில் செல்லும்.

இன்னும் மூன்று சீவல் எடுத்தேன்.
ஊதா ஏற்றி,
குழாய்த் தண்ணீரில் நீலம் கூடும்வரை அலசி,
சிவப்பில் முக்கி,
ஈரம் போக்கி மூடிய மூன்றையும்
மடியில் குழந்தைபோல் அல்ல, டிபன் தட்டுபோல்
எடுத்துக்கொண்டு படியேறினேன்.
லிஃப்டில் கெத்தின் காலி வாளிகளோடு நின்றான்.

இரட்டைத் தலை மைக்ராஸ்கோப்.
அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
பச்சை அம்புக்குறி மெல்ல நகர்ந்தது.
புதிய மூன்றிலும் ஓரம் சுத்தம்.
பழையதை வைத்தார்.
"பாருங்கள். திசு தெளிந்தால் இது மங்குகிறது,
இது தெளிந்தால் திசு மங்குகிறது.
வேறு மட்டம். மேலே வந்து உட்கார்ந்திருக்கிறது.
கருவும் இல்லை."
இளஞ்சிவப்பாக, தட்டையாக, மூன்று சருகு.

"தோல்," என்றார்.
யாருடையது என்று கேட்டேன்.
கண்ணை எடுக்காமலே கேட்டார்:
"கையுறை போட்டிருந்தீர்களா?"

நாடா எடுக்கும்போது யார் போடுகிறார்கள், வழுக்கும்.
ஜனவரி வேறு.
இருபது தடவை கழுவிக் கழுவி
கட்டைவிரல் ஓரம் வறண்ட ஏரிபோல் வெடித்திருந்தது.
மேசைக்கு அடியில் அதை மடக்கிக்கொண்டேன்,
ஏதோ அவர் லென்ஸ் அதுவரை நீளும் என்பதுபோல்.

பதினாறு வருடம் பிறத்தியாரை ஏந்திய தண்ணீர்
முதல் தடவையாக என்னை ஏந்தியிருக்கிறது.
எண் இல்லை, பிறந்த தேதி இல்லை,
கையெழுத்துப் போட்ட படிவம் இல்லை.
தொலைபேசி அடித்ததற்கும் அந்த அம்புக்குறிக்கும் நடுவே
இரண்டு மணி நேரம்
குரல் கம்மிய ஒரு மனிதருக்கு
நான் புற்றுநோயாக இருந்திருக்கிறேன்.
அவருக்குத் தெரியாது.

தவறு நிகழ்வுப் படிவம் நிரப்பினேன்.
மூலம்: ஊழியர்.
நோயாளிக்குத் தீங்கு: இல்லை.
மிச்சக் கணு என்ன சொன்னது என்பதற்கு
அதில் கட்டம் கிடையாது.
நான் கேட்கவும் இல்லை.
கதவை மூடும்போது அவர் மறுபடி குனிந்திருந்தார்,
பெரிய லென்ஸுக்கு மாற்றி.

மறுநாள் ஐம்பத்தெட்டு பேர்.
விரலில் பிளாஸ்திரி. ஒவ்வொருவருக்கும் நடுவே
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தண்ணீரைத் துடைத்தேன்.
போஜெனா சிரித்தாள்.

பழைய சில்லை யாரும் எறிவதில்லை.
கீழ்த்தள அறையில், உலோக இழுப்பறையில்,
அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்
வருடக்கணக்கில் இருக்கும்
அவர் பெயரில்.
ஓரத்தில் நான்.